பச்சை வாசனை உள்ள ஒயின்: கார்மெனேரைச் சுவைத்துப் பழக ஒரு வழிகாட்டி

சிவப்பு ஒயினைப் புதிதாகச் சுவைப்பவர்களுக்காக எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் பழங்களின் பட்டியலாகவே இருக்கின்றன. பிளாக்பெர்ரி, பிளம், காசிஸ், செர்ரி என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதிப் பழங்களை நம்மில் பலர் கையில் எடுத்து முகர்ந்ததே இல்லை. ஆகவே, கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் பிடிபடாமல், தமக்கு ஒயின் ரசிக்கத் தெரியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மூக்கில் எந்தக் குறையும் இல்லை. முன்பின் அறியாத வாசனையைத் தேடச் சொன்னதில்தான் குறை இருக்கிறது. நம் சமையலறையில் அன்றாடம் புழங்கும் வாசனை ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் திராட்சை ரகத்திலிருந்து தொடங்கினால் இந்தத் தடுமாற்றம் பெருமளவு நீங்கிவிடும்.

அப்படிப்பட்ட ரகமாக நான் பரிந்துரைப்பது சிலி நாட்டின் கார்மெனேர். அதன் அடையாளம் பச்சைக் குடைமிளகாயின் வாசனை. நான் முதன்முதலாக வாங்கிய கார்மெனேர் புட்டியைத் திறந்தபோது அந்த வாசனை பளிச்சென்று அடித்தது. ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பாதியைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். அது கேடு அன்று, அந்த ரகத்தின் இயல்பே அதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு ஒயின் பிடிபடத் தொடங்கியது. துவர்ப்பு மென்மையானது, புளிப்பு மிதமானது, விலையும் கட்டுக்குள் இருப்பது என்பவை இந்த ரகத்தைப் பழகுநர்களுக்கு ஏற்றதாக்கும் மற்றக் காரணங்கள். மது அருந்தும் வழக்கம் இல்லாதவர்களை அதன் பக்கம் இழுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. எப்படியும் ஒரு கோப்பை குடிக்கப் போகிறவர்கள் அதைக் கவனித்துக் குடிக்கலாமே என்பதுதான்.

முதலில் ரகத்தின் கதை

கதையைத் தெரிந்துகொள்ளாமலும் ஒயினைக் குடிக்கலாம். ஆனால் கார்மெனேரின் சுவை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை அதன் கதையில்தான் இருக்கிறது. இது பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த பழைய ரகம். கபர்னே பிராங்க் என்னும் சிவப்புத் திராட்சை ரகம் இதன் பெற்றோரில் ஒன்று. 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்னும் பூச்சி, பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களை மீண்டும் எழுப்பியபோது, போர்தோ விவசாயிகள் கார்மெனேரைக் கைவிட்டார்கள். குளிரும் ஈரமும் மிகுந்த வசந்த காலத்தில் இதன் பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். தப்பிப் பிழைத்தவையும் மிகத் தாமதமாகவே பழுக்கும். நம்பிப் பயிரிட முடியாத கொடியை மறுபடி ஒட்டுக்கட்ட யாருக்கு மனம் வரும்? அந்த ரகம் ஏறக்குறைய அழிந்துவிட்டது என்றே உலகம் நினைத்தது.

ஆனால் பூச்சி பரவுவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிலி நாட்டு நிலக்கிழார்கள் போர்தோவிலிருந்து கொடித்துண்டுகளைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர், வடக்கே அடகாமா பாலைவனம், மேற்கே பசிபிக் பெருங்கடல் என்று இயற்கையே வேலி போட்ட அந்த நாட்டிற்குள் ஃபிலாக்செரா இன்றுவரை நுழையவில்லை. வந்த கொடிகளில் மெர்லோ என்னும் மற்றொரு போர்தோ ரகமும் கார்மெனேரும் கலந்திருந்தன. இலையும் குலையும் பார்வைக்கு ஒத்திருந்ததால் எல்லாவற்றையும் மெர்லோ என்றே அழைத்தார்கள். இப்படி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்தது.

1994 நவம்பர் 24 அன்று, மைப்போ பள்ளத்தாக்கில் உள்ள வீன்யா கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தைப் பார்வையிட்ட ஜான்-மிஷெல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர், மெர்லோ என்று காட்டப்பட்ட கொடியின் பூக்களில் மகரந்தத்தைத் தாங்கும் கேசரங்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். தென்கோளத்தில் நவம்பர் மாதம் வசந்த காலம். கொடிகள் பூத்திருந்ததால்தான் அந்த வேறுபாடு கண்ணில் பட்டது. இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்று அவர் சொன்னார். மரபணுச் சோதனையும் பின்னர் அதை உறுதிசெய்தது. 1998-இல் சிலி அரசு இதைத் தனி ரகமாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகத்தின் கார்மெனேர் கொடிகளில் பெரும்பகுதி சிலியில்தான் இருக்கிறது. நவம்பர் 24-ஐ கார்மெனேர் நாளாகவும் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கும் கோப்பையில் வரும் குடைமிளகாய் வாசனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மெர்லோ முன்னதாகப் பழுக்கும். கார்மெனேர் சில வாரங்கள் கழித்தே பழுக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே நாளில் அறுவடை செய்தபோது, மெர்லோ பழமாகவும் கார்மெனேர் செங்காயாகவும் கூடைக்கு வந்தன. சிலி நாட்டு மெர்லோவில் ஏதோ பச்சை வாடை அடிக்கிறது என்று அந்நாளில் சொல்லப்பட்ட குறைக்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது

புட்டியின் மேல் கார்மெனேர் என்று அச்சிட்டிருந்தால் அது முழுக்க அந்த ரகம்தான் என்று பொருள் இல்லை. சிலி நாட்டுச் சட்டப்படி 75 விழுக்காடு இருந்தாலே ரகத்தின் பெயரைப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 85 விழுக்காடு கேட்பதால், ஏற்றுமதிப் புட்டிகளில் பெரும்பாலும் அந்த அளவு இருக்கும். அடுத்து பள்ளத்தாக்கின் பெயரைப் பாருங்கள். மத்தியப் பள்ளத்தாக்கு என்று பொதுவாகப் போட்டிருப்பது பல தோட்டங்களின் கலவை. கோல்ச்சாகுவா, கச்சபோவால், மைப்போ என்று குறிப்பாகப் போட்டிருந்தால் சற்று மேலானது என்று எடுத்துக்கொள்ளலாம். கச்சபோவாலில் உள்ள பெயுமோ என்ற ஊரின் களிமண் நிலம் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, தாமதமாகப் பழுக்கும் இந்தக் கொடியை இலையுதிர் காலம் வரை தாங்குவதால், அந்தப் பெயர் கண்ணில் பட்டால், விலையும் கைக்கு எட்டினால், தயங்காமல் எடுங்கள்.

ரிசர்வா, கிரான் ரிசர்வா என்ற சொற்களுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை. ஸ்பெயினில் அவை இத்தனை மாதங்கள் பீப்பாயில் இருந்தது என்று உறுதியாகச் சொல்பவை. சிலியில் அந்த விதிகள் தளர்வானவை. ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். சிலியில் அறுவடை மார்ச்சில் தொடங்கி மே வரை நடக்கிறது. கார்மெனேர் கடைசியாகத்தான் வரும். விலை குறைந்த கார்மெனேர் வைத்துக் காப்பதற்காகச் செய்யப்பட்டது அன்று. அறுவடையான நான்கைந்து ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியது; அதனால் கடையின் மேல் அலமாரியில் தூசு படிந்து நிற்கும் புட்டியைப் பழையது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

லண்டன், சிங்கப்பூர், டொராண்டோ போன்ற ஊர்களில் சிலி ஒயின்கள் விலைப்பட்டியலின் கீழ்ப் படிகளில்தான் இருக்கும். கடைசிப் படியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த படியில் ஒன்றை எடுங்கள் என்பது என் வழக்கமான யோசனை. இந்தியாவில் இறக்குமதி வரி இந்தக் கணக்கையெல்லாம் குலைத்துவிடுகிறது. அங்கே இதை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எளிதில் கிடைக்கும் பெயர்களில் ஒன்று, 1883-இல் தொடங்கப்பட்ட கொன்ச்சா இ தோரோ நிறுவனத்தின் காசியேரோ தெல் தியாப்லோ. சாத்தானின் நிலவறை என்பது அதன் பொருள். ஒயின் திருட்டைத் தடுக்க, நிலவறைக்குள் சாத்தான் குடியிருக்கிறது என்று நிறுவனரே கதை கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளைத் தடுத்த ஊர்க்காரர்களுக்கு இந்த உத்தி புதிதில்லை.

குளிர்ச்சியும் கோப்பையும்

சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, கணப்பு மூட்டிய ஐரோப்பியக் கல்வீடுகளுக்காகச் சொல்லப்பட்டது. கார்மெனேருக்கு ஏற்ற அளவு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். உங்கள் அறை 30 டிகிரியில் இருந்தால், புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வையுங்கள். இரவு முழுவதும் உள்ளே இருந்த புட்டியானால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வெப்பம் கூடினால் ஆல்கஹாலின் ஆவி மற்ற வாசனைகளை முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். குளிர் கூடினால் வாசனை அடங்கித் துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியத்தைச் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவில்லாமல் ஒயினை மேம்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கோப்பை மெல்லிய கண்ணாடியில், அடி அகன்று வாய் குறுகியதாக இருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலே உள்ள வெற்றிடம்தான் வாசனை தங்கும் இடம். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மணம் கோப்பையில் ஒட்டியிருந்தால் எல்லா உழைப்பும் வீணாகிவிடும் என்பதால், வெந்நீரில் ஒருமுறை அலசிக் கவிழ்த்து உலர்த்திக்கொள்ளுங்கள். சுவைத்துப் பார்க்கும் நேரத்தில் ஊதுபத்தியும் மல்லிகைப்பூவும் அருகில் இல்லாமல் இருப்பது நல்லது.

பார்ப்பது

ஒரு வெள்ளைத்தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒயினின் விளிம்பைப் பாருங்கள். இளம் கார்மெனேர் நடுவில் ஏறக்குறைய ஒளிபுகாத கருஞ்சிவப்பாகவும், விளிம்பில் ஊதா கலந்த சிவப்பாகவும் இருக்கும். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம் என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். கார்மைன் என்னும் செஞ்சாயத்தின் பெயரே இந்த ரகத்துக்கு வந்தது என்பார்கள். விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் ஒயினுக்கு வயது ஏறிவிட்டது என்று பொருள். கோப்பையின் உட்புறத்தில் கண்ணீர்போல் வழியும் தாரைகளைக் காட்டிச் சிலர் தரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அது ஆல்கஹாலின் அளவைத்தான் காட்டுகிறது, தரத்தை அன்று.

கண் காட்டுவதை மிகையாக நம்பவும் கூடாது. போர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். பயின்றவர்களின் மூக்கையே நிறம் ஏமாற்றியிருக்கிறது.

முகர்வது

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி. புட்டியைத் திறப்பதற்கு முன்பே நான்கு சிறிய கிண்ணங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பச்சைக் குடைமிளகாயை, உள்ளே உள்ள வெள்ளைச் சதையோடு நறுக்கிப் போடுங்கள். இன்னொன்றில் நாலைந்து மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். மூன்றாவதில் காப்பித்தூள் ஒரு சிட்டிகை. நான்காவதில் நாவற்பழமோ, அது கிடைக்காத காலத்தில் நசுக்கிய கறுப்பு உலர்திராட்சையோ இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு தட்டால் பத்து நிமிடம் மூடிவைத்தால் வாசனை திரண்டு நிற்கும்.

கோப்பையில் ஊற்றியதும் சுழற்றாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் பழத்தின் வாசனை. பிறகு கோப்பையின் அடியை மேசைமேல் வைத்தபடியே மூன்று நான்கு சுற்றுச் சுழற்றிவிட்டு, மூக்கை உள்ளே விட்டு, ஒரே நீண்ட மூச்சாக இழுக்காமல் சின்னச் சின்ன மூச்சாக முகருங்கள். உடனே குடைமிளகாய்க் கிண்ணத்தைத் திறந்து முகர்ந்து, மீண்டும் கோப்பைக்கு வாருங்கள். இரண்டாவது முறை வரும்போது, முன்பு வெறும் ஒயின் வாசனையாக இருந்ததிலிருந்து ஒரு பச்சை இழை தனியே பிரிந்து எழும். அந்தக் கணம் எனக்கு இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது. இரைச்சல் மிகுந்த சந்தையில் தெரிந்த குரல் ஒன்று காதில் விழுவதைப் போன்றது அது. மற்றக் கிண்ணங்களையும் இப்படியே ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மிளகு பெரும்பாலும் கிடைக்கும். காப்பித்தூளின் சாயல், ஒயின் சுட்ட ஓக் பீப்பாயிலோ ஓக் சில்லுகளோடோ இருந்திருந்தால் மட்டும் கிடைக்கும். மூக்கு களைத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையை ஒருமுறை முகருங்கள். உங்களுக்குப் பழகிய வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இது வெறும் உவமை அன்று. குடைமிளகாய்க்கு அதன் வாசனையைக் கொடுக்கும் மெத்தாக்ஸிபைரசின் வகைச் சேர்மமே கார்மெனேர் திராட்சையிலும் இருக்கிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காய் பச்சையாக இருக்கும்போது இந்தச் சேர்மம் மிகுந்திருக்கும். பழுக்கப் பழுக்க, வெயில் படப் படக் குறையும். இதற்காகவே குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் படச் செய்கிறார்கள், அறுவடையையும் தள்ளிப்போடுகிறார்கள். பச்சை வாசனை போகும்வரை வதக்கவும் என்று நம் சமையல் குறிப்புகளில் தவறாமல் வரும் அந்த வரியை, சிலி நாட்டில் சூரியன் கொடியின் மேலேயே செய்கிறது. சரியாக வதங்கிவிட்டதா என்று பார்ப்பதுதான் கார்மெனேரை மதிப்பிடுவதன் சாரம்.

அளவுகோலாக இப்படி வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாயும் பட்டாணித் தோலும் போல வாசனை மூக்கைக் குத்தினால், திராட்சை முற்றாமல் பறிக்கப்பட்டிருக்கிறது. நெருப்பில் சுட்டுத் தோலுரித்த குடைமிளகாயின் சாயலில், பின்னணியில் மிளகும் முன்னணியில் கரும்பழமுமாக இருந்தால் நல்ல கைப்பக்குவம். பச்சை இழையே இல்லாமல் ஜாம்போல இனித்து, ஆல்கஹாலும் தூக்கலாக இருந்தால், அந்த வாசனைக்குப் பயந்து கொடியிலேயே அதிக நாள் விட்டுவிட்டார்கள் என்று பொருள். மூன்றாவது வகையைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அது யாருடைய ஒயின் என்று தெரியாத ஒயின். பெயர் மாறி நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த கொடிக்கு அதன் அடையாளத்தையும் பறித்துவிடுவது சற்று அநியாயம் என்றே தோன்றுகிறது.

நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது வேறு கதை. கார்க்கிலிருந்து வரும் குறை அது. சுழற்றினாலும் காற்றாட வைத்தாலும் போகாது. திருகுமூடி போட்ட புட்டிகளில் இந்தத் தொல்லை மிக அரிது என்பதால், விலை குறைந்த ஒயினில் திருகுமூடியை நான் மனமார வரவேற்கிறேன். காடி வாடை வந்தால் ஒயின் காற்றுப் பட்டுப் புளித்துவிட்டது. இந்த இரண்டையும் குடைமிளகாயையும் குழப்பிக்கொண்டு என்னைப்போல் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

வாயில் வைப்பது

முதல் வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள். விளையாட்டாகத் தோன்றினாலும் இது மிகவும் பயனுள்ள பயிற்சி. ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் எடுத்து, மூக்கு மூடியிருக்கும்போது எது தெரிகிறது என்று கவனியுங்கள்: கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் கைப்பு, அவ்வளவுதான். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். பழம், மிளகு, குடைமிளகாய் எல்லாம் திடீரென்று தொண்டைக்கு மேலே எழும். வாயில் தெரிவதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் பெரும்பகுதி உண்மையில் வாயின் பின்வழியாக மூக்குக்குப் போவதுதான் என்பதை இந்த ஒரு வாய் உணர்த்திவிடும். ஒயின் இனிப்பதாகச் சொல்பவர்களில் பலர் பழ வாசனையையே இனிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள் என்பதும் இதில் புலப்படும்.

அடுத்த வாயைப் பத்து நொடி வைத்திருந்து, உதடுகளைக் குவித்து லேசாகக் காற்றை உள்ளிழுத்து, வாய் முழுவதும் சுழலவிட்டுப் பிறகு விழுங்குங்கள். பல ஒயின்களைச் சோதிக்கும் நாளாக இருந்தால் துப்பிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விழுங்கியபின் கன்னத்தின் உட்புறத்தில் நீர் ஊறினால் அது புளிப்பின் வேலை. தொண்டையில் இறங்கும் வெதுவெதுப்பு ஆல்கஹாலின் வேலை. ஈறும் நாக்கின் மேற்புறமும் வறண்டு இழுத்துப் பிடிப்பதுதான் துவர்ப்பு.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. துவர்ப்பைத் தரும் டானின் என்றால் என்ன என்று விளக்குவதற்கு ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகத் தேநீரையும் பட்டுத்துணியையும் உவமை சொல்கின்றன. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வளர்ந்தவர்களுக்கு, பாக்கையும் வாழைப்பூவையும் பிஞ்சு நெல்லிக்காயையும் கடித்துப் பழகியவர்களுக்கு, அந்த விளக்கம் தேவையே இல்லை. உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொண்டு அதன் வழுவழுப்பைப் போக்கிவிடுவதால்தான் வாய் உலர்வதாகத் தோன்றுகிறது. அது திராட்சையின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று அறியக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை நான்கை எடுத்து, சதையை உறிஞ்சிவிட்டுத் தோலை மட்டும் மெல்லுங்கள். பிறகு விதையை மட்டும் கடித்துப் பாருங்கள். தோலில் மிதமாகவும், விதையில் கைப்போடு கடுமையாகவும் துவர்ப்பு இருப்பது தெரியும். சிவப்பு ஒயின் இந்த இரண்டோடும் சேர்ந்தே நொதிக்கிறது; வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முன்பே பிழிந்து பிரித்துவிடுகிறார்கள்.

கார்மெனேரின் துவர்ப்பு பாக்கின் முரட்டுத் துவர்ப்பு அன்று, நாவற்பழத்தின் துவர்ப்பு. புளிப்பும் குறைவு. அதனால் வாயில் கனமாகவும் வழுவழுப்பாகவும் உருளும். நீர்மோருக்கும் கெட்டி மோருக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒயினின் கனத்தை அளந்துவிடலாம். விழுங்கியபின் சுவை எத்தனை எண்ணிக்கை வரை நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் மறைந்தால் எளிய ஒயின்; பத்தைத் தாண்டினால் கொடுத்த விலைக்கு மேலேயே கிடைத்திருக்கிறது.

மெர்லோவோடு மோதவிடுவது

இரண்டாவது அமர்வுக்கு, அதே நிறுவனத்தின் அதே விலையில் உள்ள சிலி மெர்லோ ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒருவரிடம் மூன்று கோப்பைகளைக் கொடுத்து, இரண்டில் ஒரு ஒயினையும் மூன்றாவதில் மற்றதையும், உங்களுக்குத் தெரியாமல் ஊற்றச் சொல்லுங்கள். எது தனி என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், ஒருமுறை வென்றதோடு நிறுத்தாமல் மூன்று நான்கு சுற்று ஆடிப் பாருங்கள். மெர்லோ நிறத்தில் சற்று வெளிறி, செம்பழங்களின் சாயலில், பச்சை இழை அடங்கியதாக இருக்கும். கார்மெனேர் கறுத்து, மிளகும் குடைமிளகாயுமாகப் பேசும். முதல் சுற்றில் தவறினால் மனம் தளர வேண்டாம். இந்த இரண்டையும் ஒரு நாடே நூறாண்டுக்கு மேல் பிரித்தறியாமல் இருந்தது.

உணவோடு

சிலியில் இது கரி அடுப்பில் சுட்ட இறைச்சிக்கும், மாட்டிறைச்சியும் வெங்காயமும் சீரகமும் சேர்த்துப் பொதிந்த எம்பனாடா என்னும் மாவுப் பண்டத்துக்கும் துணை போகும் ஒயின். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுங்கச் செய்யும். சுட்ட வாசனையும் சீரகமும் பச்சை இழையோடு ஒட்டிப்போகும். இந்தத் தர்க்கத்தைக் கொண்டே நம் உணவுகளில் தேடலாம். மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல், சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய் சேர்த்த பனீர் ஆகியவை பொருந்துகின்றன. மிளகாய்க் காரம் பொருந்தாது: மிளகாயை உணரும் அதே நரம்பு முனைகள் ஆல்கஹாலையும் எரிச்சலாக உணர்வதால், 14 விழுக்காடு ஒயின் 20 விழுக்காடுபோல் சுடும். புளிக்குழம்போடும் வேண்டாம், புளிப்பு குறைந்த இந்த ஒயின் அதன் முன்னால் உப்புச்சப்பில்லாமல் போய்விடும்.

மீதி இருந்தால்

13.5 விழுக்காடு உள்ள ஒரு 750 மில்லி புட்டியில் தூய ஆல்கஹால் மட்டுமே ஏறக்குறைய 100 மில்லி இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், ஒரே இருப்பில் முடிக்கத் தோன்றாது. மீதியைச் சிறிய புட்டி ஒன்றில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் மறுபடி முகர்ந்து பாருங்கள். பழ வாசனை சற்று மங்கியிருக்கும். குடைமிளகாய் வாசனையோ எளிதில் சிதையாத சேர்மத்திலிருந்து வருவதால் முந்திய நாளைவிடத் துலக்கமாக நிற்கும். முதல் நாள் அதைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்குக்கூட இரண்டாம் நாள் பிடிபட்டுவிடுகிறது. அதன்பின் வாங்க வேண்டியது கபர்னே பிராங்க் புட்டி ஒன்று. கிண்ணங்களை வெளியே எடுக்காமல், கார்மெனேரின் பெற்றோரான அந்த ரகத்திலும் அந்தப் பச்சை இழை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.